தரையில் தேங்கிய ஜிபிஎஸ்: ஓசிஎக்ஸ் திட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

2005 செப்டம்பரில் அமெரிக்க விமானப்படை ஒரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளை ஏவியது. எதிரி இடையூறு அலைகளை வீசினாலும் தாக்குப்பிடிக்கும்படி ராணுவத்துக்கென்றே வடிவமைத்த எம்-கோட் என்ற சிக்னலை அனுப்பும் வசதி முதன்முதலில் அதில்தான் வந்தது. அந்தச் சிக்னலைத் தரையிலிருந்து முறையாக இயக்கிக் கண்காணிக்கும் வசதி செயல்பாட்டுக்கு வந்தது எப்போது தெரியுமா? 2020 கடைசியில். இடையில் பதினைந்து வருடம். படைகளின் கையில் இருக்க வேண்டிய ரிசீவர்களும் தாமதம்தான், அது தனிக் கதை. இங்கே பேசப்போவது தரையில் இருந்த கணினிகளையும் அவற்றின் மென்பொருளையும் பற்றி. அவற்றைப் புதுப்பிக்க 2010-இல் தொடங்கிய ஓசிஎக்ஸ் திட்டம், அமெரிக்க ராணுவக் கொள்முதல் வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் தோல்விகளில் ஒன்றாகிவிட்டது. 2025 ஜூலையில் அது அரசின் கைக்கு வந்தது வரையான காலத்தைத்தான் இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செயற்கைக்கோளை முதன்மையாகவும் தரை அமைப்பை அதன் துணைச் சாமானாகவும் நடத்தியதுதான் இந்தத் திட்டத்தின் அடிப்படை நோய். மென்பொருள் பிழை, செலவு, தாமதம் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

தரையில் நடக்கும் வேலை

ஜிபிஎஸ் என்றதும் எல்லோரும் வானத்தைத்தான் நினைப்போம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் முப்பது சொச்சம் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் அணுக் கடிகாரத்தின் நேரத்தையும் தான் இருக்கும் இடத்தையும் ஓயாமல் ஒலிபரப்புகிறது. ஆனால் தான் எங்கே இருக்கிறோம் என்பது அந்தச் செயற்கைக்கோளுக்குத் தானாகத் தெரியாது. தரையிலிருந்து சொல்லிக்கொடுத்ததைத்தான் அது திருப்பிச் சொல்கிறது.

சொல்லிக்கொடுக்கும் விதம் இப்படி. ஹவாய், அசென்ஷன் தீவு, பசிபிக்கின் குவாஜலீன், இந்தியப் பெருங்கடலின் டியேகோ கார்சியா, கேப் கனாவரல், கொலராடோ என்று ஆறு இடங்களில் விமானப்படை அமைத்த கண்காணிப்பு நிலையங்கள் இருக்கின்றன. தேசிய புவிசார் உளவு முகமையின் பத்து நிலையங்கள் பின்னால் சேர்ந்துகொண்டன. இவை செயற்கைக்கோள்களின் சிக்னலைக் கேட்டு அளவீடுகளைக் கொலராடோவின் ஷ்ரீவர் தளத்தில் உள்ள தலைமைக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு அனுப்பும். அங்கே கால்மன் வடிகட்டி என்ற கணித முறை ஒவ்வொரு செயற்கைக்கோளின் பாதையையும் கடிகார விலகலையும் மதிப்பிட்டு, இனி அவை எப்படி நகரும் என்றும் கணிக்கும். அந்தக் கணிப்பைத் தரை ஆன்டெனாக்கள் வழியாக ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் குறைந்தது நாளுக்கு ஒரு தடவை ஏற்றுவார்கள். கடிகாரக் கணிப்பு ஒரு நானோவினாடி பிசகினால் தூரக் கணக்கில் 30 சென்டிமீட்டர் போய்விடும்.

இதை இரவு பகலாகச் செய்வது இரண்டாவது விண்வெளிச் செயல்பாட்டுப் படையணி. ஷ்ரீவரில் ஏதாவது ஆகிவிட்டால் கலிபோர்னியாவின் வாண்டன்பெர்க்கில் மாற்று நிலையம் தயாராக இருக்கிறது. ஆக, தரை அமைப்பைப் புதுப்பிப்பது என்றால் குடியிருக்கும் வீட்டில் ஆட்களை வெளியேற்றாமல் அஸ்திவாரத்தை மாற்றுவது போலத்தான். ஏவுகணை, போர்க்கப்பல், வங்கிப் பரிவர்த்தனையின் நேரமுத்திரை, உங்கள் கையில் இருக்கும் போன் எல்லாம் அந்த வீட்டில்தான் இருக்கின்றன.

பழைய அமைப்பும் அதன் ஒட்டுப்போடல்களும்

1980-களில் வந்த முதல் கட்டுப்பாட்டு அமைப்பு மெயின்ஃப்ரேம் என்ற பெரிய மையக் கணினியில் ஓடியது. அன்றைய கணினித் திறனுக்கு எல்லாச் செயற்கைக்கோள்களையும் ஒரே கணக்கில் போட முடியாது. அதனால் ஆறு ஆறாகப் பிரித்துத் தனித்தனியாகக் கணக்குப் போட்டார்கள். ஒரு குழுவில் கிடைக்கும் தகவல் இன்னொரு குழுவின் மதிப்பீட்டுக்கு உதவாது. இந்தக் கட்டுப்பாடு வெகுகாலம் நீடித்தது.

2007 செப்டம்பரில் மெயின்ஃப்ரேம் விடைபெற்றது. அதன் இடத்தில் ஏஇபி என்ற, பல கணினிகளில் பரவி இயங்கும் அமைப்பு வந்தது. பறந்துகொண்டிருந்த செயற்கைக்கோள்களின் கட்டுப்பாடு பழையதிலிருந்து புதியதற்கு மாறியது, பயனாளிகளுக்குத் தெரியவே இல்லை. கணக்கும் ஒரே தொகுப்பாகி, கூடுதல் நிலையங்களின் அளவீடுகளும் சேர்ந்ததால் துல்லியம் நன்றாகவே உயர்ந்தது. பின்னால் நடந்ததையெல்லாம் பார்க்கும்போது, இந்த மாற்றத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசாதது வியப்புதான். சத்தமில்லாமல் முடிந்த வேலைக்கு யார் அறிக்கை எழுதுவார்கள்?

ஆனால் ஏஇபி குறையில்லாதது என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு சம்பவங்களைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம்.

முதலாவது, 2010 ஜனவரி. அந்த ஆண்டு ஏவவிருந்த புதுவகைச் செயற்கைக்கோள்களுக்குத் தயாராகும் விதமாகத் தரை மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவினார்கள். நிறுவியதும் ஒரு குறிப்பிட்ட வகை ராணுவ ரிசீவர்கள் ஜிபிஎஸ் சிக்னலைப் பிடித்துக்கொள்ள முடியாமல் திணறின. எண்ணிக்கை 8,000-லிருந்து 10,000 வரை. நிறுவுவதற்கு முன் சோதித்துப் பார்த்த ரிசீவர்களின் பட்டியலில் அந்த வகை இல்லை. தற்காலிகத் தீர்வு காண இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. அப்போது சோதனையில் இருந்த கடற்படையின் எக்ஸ்-47பி ஆளில்லா விமானத் திட்டமும் இதில் மாட்டிக்கொண்டது.

இரண்டாவது, 2016 ஜனவரி 26. 1990-இல் ஏவப்பட்டு இருபத்தைந்து வருடம் உழைத்த எஸ்விஎன்-23 என்ற செயற்கைக்கோளுக்கு ஓய்வு கொடுத்தார்கள். அதைப் பட்டியலிலிருந்து நீக்கியபோது தரை மென்பொருளில் ஒளிந்திருந்த ஒரு பிழை கிளம்பியது. ஜிபிஎஸ் நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லும் எண்கள் தவறாகப் பதினைந்து செயற்கைக்கோள்களுக்கு ஏறிவிட்டன. பிழை சுமார் 13 மைக்ரோவினாடி. இதே பிழை தூரக் கணக்கில் புகுந்திருந்தால் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் தப்பாகியிருக்கும். நல்லவேளையாக இருப்பிடக் கணக்குக்கு அந்த எண்கள் தேவையில்லை, அதனால் வரைபடங்கள் பிழைத்தன. நேரத்துக்காக ஜிபிஎஸ்ஸை நம்பியிருந்த தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குத்தான் பல மணி நேரம் எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே இருந்தது.

இரண்டிலும் வானத்தில் எதுவும் கெட்டுப்போகவில்லை. தரையில் வழக்கமான ஒரு வேலை செய்தார்கள், ஒன்றில் பதிப்பு மாற்றம், இன்னொன்றில் பட்டியல் மாற்றம், அவ்வளவுதான். புதிய தரை அமைப்பு வேண்டும் என்று கேட்டவர்களின் வாதத்தில் நியாயம் இருந்தது. சைபர் தாக்குதலைத் தாங்கும் கட்டமைப்பு ஏஇபியில் பிறவியிலேயே இல்லை. 2005-க்குப் பிறகு வந்த புதிய சிக்னல்களை முழுமையாகக் கண்காணிக்கவும் அதற்கு வழியில்லை.

ஒப்பந்தம் முந்தியது, வரையறை பிந்தியது

2010 பிப்ரவரியில் ஓசிஎக்ஸ் ஒப்பந்தம் ரேதியான் நிறுவனத்துக்குப் போனது. போட்டியில் இருந்த இன்னொரு நிறுவனம் நார்த்ராப் க்ரம்மன். தொடக்க மதிப்பு 88.6 கோடி டாலர். ஏஇபியை முழுவதும் ஒதுக்கிவிட்டுப் பழைய, புதிய செயற்கைக்கோள்கள் எல்லாவற்றையும், எல்லாச் சிக்னல்களையும் ஒரே அமைப்பு ஆள வேண்டும், அதுவும் கடுமையான சைபர் பாதுகாப்போடு. இதுதான் வேலை.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் ஒரு பெரிய திட்டம் முழு உருவாக்கத்துக்குள் நுழையும் முன் 'மைல்ஸ்டோன் பி' என்ற படியைத் தாண்ட வேண்டும். என்ன தேவை, எவ்வளவு செலவு, எத்தனை காலம், தொழில்நுட்பம் முதிர்ந்ததா என்று அங்கேதான் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார்கள். ஓசிஎக்ஸ் அந்தப் படியைத் தாண்டியது 2012 நவம்பரில். அதாவது உருவாக்கம் தொடங்கி இரண்டரை வருடத்துக்கும் மேல் கழித்து. என்ன கட்டப்போகிறோம் என்று முடிவாகும் முன்பே கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஏன் அந்த அவசரம்? முதல் ஜிபிஎஸ் மூன்றாம் தலைமுறைச் செயற்கைக்கோள் 2014-இல் ஏவப்பட வேண்டும் என்பது அன்றைய திட்டம். அதை ஏஇபியால் இயக்க முடியாது. ஆகவே செயற்கைக்கோளின் தேதியை ஆணியடித்து வைத்துக்கொண்டு, தரையின் அட்டவணையை அதிலிருந்து பின்னோக்கி இழுத்துப் போட்டார்கள். இதில் வேடிக்கை, செயற்கைக்கோளின் உள்ளே பொருத்த வேண்டிய வழிகாட்டுக் கருவியே சிக்கலில் மாட்டி, அது ஏவப்பட்டதே 2018 டிசம்பரில்தான். வராத விருந்தாளிக்காக அவசர அவசரமாகப் பாதி வெந்த சோற்றை இறக்கியது மாதிரி ஆனது என்று எழுதக் கை துறுதுறுக்கிறது, ஆனால் கையில் இருந்த தகவலை வைத்து அன்று முடிவெடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது. தெரிந்திருக்க வேண்டியது வேறொன்று: தேவைகள் முடிவாகாமல் எழுதும் மென்பொருளைத் திரும்ப எழுத வேண்டிவரும் என்பது.

அதுதான் நடந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசு பொறுப்புடைமை அலுவலகம் 2015 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை இந்தக் காலகட்டத்தை விரிவாகப் பிரித்துப் பார்க்கிறது. அடிப்படைக் கட்டமைப்புப் பொறியியல் பலவீனம். ஒரு கட்டத்தின் பிழைகள் தீராமலே அடுத்த கட்டத்தின் வேலை தொடங்கியது. பிழைகள் அங்கிருந்து இங்கே கூடவே வந்தன. 2013 கடைசியில் விமானப்படையே வேலையை நிறுத்தி, மூல காரணங்களைச் சரிசெய்துவிட்டதாக நம்பி மறுபடி ஆரம்பித்தது. நம்பிக்கை பொய்த்தது.

சைபர் பாதுகாப்பில்தான் அடி பலமாக விழுந்தது. ஓசிஎக்ஸ் கேட்ட பாதுகாப்பு அளவு முந்தைய ராணுவ விண்வெளித் தரை அமைப்புகளில் இல்லாதது. அதன் கனத்தை விமானப்படையும் சரியாக எடைபோடவில்லை, ஒப்பந்ததாரரும் போடவில்லை. திறந்த மூல மென்பொருள்களை, அவை பாதுகாப்பு விதிகளுக்கு உட்படுகின்றனவா என்று முழுதாகப் பார்க்காமலே சேர்த்தார்கள். பிறகு அவற்றை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பாதுகாப்பைக் கடைசியில் பூசிக்கொள்ளலாம் என்ற நினைப்பு எந்த மென்பொருள் அலுவலகத்திலும் காணக்கூடியதுதான். ஆனால் இங்கே அதன் விலை கோடிக்கணக்கான டாலர்.

2015 டிசம்பரில் அன்றைய விண்வெளிக் கட்டளையகத் தலைவர் ஜெனரல் ஜான் ஹைட்டன் செய்தியாளர்களிடம் இந்தத் திட்டத்தைப் பேரழிவு என்றே சொன்னார், இதை நியாயப்படுத்தப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டார். பதவியில் இருக்கும் ஒரு ஜெனரல் தன் துறையின் திட்டத்தைப் பற்றி இப்படிப் பேசுவது அபூர்வம்.

2016 ஜூன் 30-ஆம் தேதி ஓசிஎக்ஸ் நன்-மெக்கர்டி வரம்பை மீறியதாக அறிவிப்பு வந்தது. அடிப்படை மதிப்பீட்டைவிடச் செலவு 25 சதவீதத்துக்கு மேல் ஏறினால் திட்டத்தை ரத்து செய்ய வேண்டும், இல்லையென்றால் நாட்டின் பாதுகாப்புக்கு இது இன்றியமையாதது, இதைவிட மலிவான மாற்று இல்லை என்றெல்லாம் பாதுகாப்புத் துறை எழுத்தில் சான்றளிக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அக்டோபரில் கொள்முதல் பிரிவின் துணைச் செயலர் ஃபிராங்க் கெண்டல் சான்றளித்தார், திட்டம் பிழைத்தது. 2018 வாக்கில் மொத்த மதிப்பீடு 600 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

அதே காலத்தில் பாதுகாப்புத் துறையின் டிஜிட்டல் சேவைப் பிரிவிலிருந்து சில மென்பொருள் பொறியாளர்களைக் கொலராடோவுக்கு அனுப்பினார்கள். நிரலைத் தொகுப்பது, சோதனைக் கணினிகளில் நிறுவுவது, சோதிப்பது என்று கையால் செய்துகொண்டிருந்த வேலைகளைத் தானியங்கியாக மாற்ற உதவுவது அவர்கள் பணி. வெளியுலகில் சாதாரணமாகிவிட்ட நடைமுறை இது. 2010 ஒப்பந்தத்தில் இதற்கான இடம் இருந்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

சர்வர் கைமாறிய விவகாரம்

ஒரு தாமதம் எப்படி இன்னொரு செலவைப் பெற்றெடுக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. ஓசிஎக்ஸ் ஐபிஎம் சர்வர்களை நம்பிக் கட்டப்பட்டது. 2014-இல் ஐபிஎம் அந்த சர்வர் வணிகத்தைச் சீனாவின் லெனோவோவுக்கு விற்றுவிட்டது. அமெரிக்க ராணுவச் செயற்கைக்கோள்களை இயக்கும் கணினிகளுக்கு இனி பராமரிப்பும் உதிரிபாகமும் சீன நிறுவனத்திடமிருந்து! திட்டம் குறித்த நேரத்தில் முடிந்திருந்தால் அமைப்பு எப்போதோ ஓட ஆரம்பித்திருக்கும், வன்பொருள் மாற்றம் பின்னால் வழக்கமான பராமரிப்போடு நடந்திருக்கும். முடியாததால், இன்னும் ஒருநாளும் செயற்கைக்கோளை இயக்காத வன்பொருள் முதுமை அடைந்தது. 2020-இல் எல்லாவற்றையும் ஹெச்பிஇ என்ற அமெரிக்க நிறுவனத்தின் சர்வர்களுக்கு மாற்ற ஒப்பந்தத்தில் 37.8 கோடி டாலர் சேர்த்தார்கள். 2010-இல் போட்ட மொத்த ஒப்பந்த மதிப்பில் நாற்பது சதவீதத்துக்கு மேல், வெறும் வன்பொருள் மாற்றத்துக்கு.

பழையது கைகொடுத்தது

2016 தொடக்கத்தில், நன்-மெக்கர்டி அறிவிப்புக்கு முன்னாலேயே, விமானப்படை ஓசையில்லாமல் இன்னொரு ஏற்பாடு செய்துகொண்டது. ஓசிஎக்ஸ் வரும் வரை ஏஇபியே மூன்றாம் தலைமுறைச் செயற்கைக்கோள்களை இயக்கும்படி மாற்றித் தரும் வேலையை லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. மதிப்பு 9.6 கோடி டாலர். அப்புறம், ஏஇபி எம்-கோட்டைக் கையாளவும் தனியாக ஒரு மேம்பாடு சேர்ந்தது. அதில் எம்-கோட்டைக் கண்காணிக்கும் ரிசீவர், சந்தையில் கிடைக்கும் கணினிப் பாகங்களின் மேல் மென்பொருளாகவே எழுதப்பட்டது. அதற்கென்று தனி வன்பொருளை வடிவமைத்து வருடக்கணக்கில் காத்திருக்கவில்லை.

ஏவுவதற்கு மட்டும் ஓசிஎக்ஸின் முதல் துண்டு உதவியது. பிளாக் 0 என்ற ஏவல், சரிபார்ப்புப் பகுதியை 2017-இல் ஏற்றுக்கொண்டார்கள். 2018 டிசம்பர் 23-இல் ஃபால்கன் 9 ராக்கெட்டில் போன முதல் ஜிபிஎஸ் மூன்றாம் தலைமுறைச் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்திச் சரிபார்த்தது அதுதான். சரிபார்த்த பிறகு அன்றாட இயக்கம் மேம்படுத்திய ஏஇபியின் கைக்குப் போனது. 2020 ஜனவரியில் அந்தச் செயற்கைக்கோள் பயனாளிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் எம்-கோட் மேம்பாடும் செயல்பாட்டுக்கு வந்தது.

ஓய்வுபெற வேண்டிய அமைப்பு, தனக்குப் பின் வரவேண்டியதன் வேலையையும் சேர்த்து இழுத்தது. இதை வைத்து, புதிதாக எழுதவே வேண்டாம், ஒட்டுப்போட்டே ஓட்டலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. மேம்பாட்டுக்குப் பிறகும் ஏஇபியால் முடியாதவை இருந்தன. எளிதில் தெரிகிற சான்று, பொதுமக்களுக்கான எல்5 சிக்னல். 2010 முதல் ஏவப்பட்ட செயற்கைக்கோள்களில் அது வழக்கமாகவே இருக்கிறது, 2014 ஏப்ரல் முதல் செய்தியோடு ஒலிபரப்பாகிறது. ஆனால் அந்தச் செய்திக்குள்ளேயே 'நம்பத்தக்க நிலையில் இல்லை' என்ற குறியை வைத்துத்தான் அனுப்பிவந்தார்கள். தரையிலிருந்து அதைத் தொடர்ந்து கண்காணித்து உறுதி சொல்ல ஓசிஎக்ஸ் வர வேண்டும். விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புக்கென்று வடிவமைத்த சிக்னலுக்கு இந்த நிலை.

ஏஇபியின் அனுபவம் காட்டுவது வேறு. 9.6 கோடி டாலரில் நடந்த வேலை, ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில், அதை அன்றாடம் இயக்குபவர்களின் கண் முன்னே, குறிப்பிட்ட ஒரே தேவைக்காக நடந்தது. எல்லையும் சோதனையும் தெளிவாக இருந்தன. ஓசிஎக்ஸையும் இப்படிச் சிறு துண்டுகளாக, ஒவ்வொன்றையும் இயக்கத்தில் விட்டுப் பார்த்து வளர்த்திருக்கலாம். பிளாக் 1, பிளாக் 2 என்று பெயரளவில் துண்டுகள் இருந்தன. ஆனால் அன்றாட இயக்கத்தைப் பொறுத்தவரை எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் மாற வேண்டிய அமைப்பாகவே அது கடைசிவரை இருந்தது.

கைக்கு வந்த பிறகு

2025 ஜூலை 1 அன்று விண்வெளிப் படை ஓசிஎக்ஸ் பிளாக் 1, 2 ஆகியவற்றை ரேதியானின் தாய் நிறுவனமான ஆர்டிஎக்ஸிடமிருந்து முறைப்படி ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தம் போட்டபோது விமானப்படை, ஏற்றுக்கொண்டபோது விண்வெளிப் படை. இடையில் ஒரு தனிப் படையே உருவாகிவிட்டது. ஏற்றுக்கொண்டதும் இயக்கத்துக்கு வந்ததாக அர்த்தமில்லை. அரசு தன் பங்குக்குச் சோதனை நடத்த வேண்டும், இயக்குபவர்களுக்குப் பயிற்சி வேண்டும், அதற்குப் பிறகுதான் பறக்கும் செயற்கைக்கோள்களை மாற்றுவது பற்றிய பேச்சு. 2010-இல் சோதனைப் பட்டியலில் விடுபட்ட அந்த ரிசீவர் வகையை நினைத்தால், இந்தச் சோதனைக்கு எத்தனை மாதம் எடுத்துக்கொண்டாலும் தகும்.

இதற்கிடையே 2021 ஏப்ரலிலேயே அடுத்த துண்டுக்கான ஒப்பந்தமும் போட்டாயிற்று, அதே நிறுவனத்துடன், 22.8 கோடி டாலருக்கு. பிளாக் 3எஃப் என்று பெயர். குறிப்பிட்ட போர்ப் பகுதியின் மேல் மட்டும் எம்-கோட்டைக் கூடுதல் வலுவோடு பாய்ச்சக்கூடிய புதுவகைச் செயற்கைக்கோள்களுக்கானது இது. எந்தப் பகுதிக்கு, எப்போது என்ற உத்தரவு தரையிலிருந்துதான் போக வேண்டும். அந்த மென்பொருள் கட்டப்படுவது பிளாக் 1, 2-இன் மேல். ஒப்பந்தத்தில் கையெழுத்தான அன்று அவை கைக்கு வர இன்னும் நான்கு வருடம் இருந்தது.